ஜெர்மன் குடும்பத்தோடு பத்து மாதம்: கிளம்புமுன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

கேள்வி: மகளுக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆகஸ்டில் ஜெர்மனி போகிறாள். ஹானோவர் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம். ஜெர்மன் ஏ2 (அடிப்படையின் இரண்டாம் நிலை) வரை படித்திருக்கிறாள். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். இதுவரை வீட்டை விட்டுத் தனியாக இருந்ததில்லை. எதற்கெல்லாம் தயார்ப்படுத்த வேண்டும்? எங்கே சிக்கல் வரும்?

பதில்:

ஒரு விஷயத்தை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்; மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான். நம் வீடுகளில் குறிப்பறிந்து நடப்பதுதான் பண்பு. வந்தவர் போதும் என்று கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி வைப்போம். பிள்ளை முகம் வாடியிருந்தால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்பார்கள். ஜெர்மன் வீட்டில் போதும் என்றால் போதும்தான், இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வதைத்தான் அங்கே மரியாதை என்று நினைக்கிறார்கள். பசிக்கிறது, குளிர்கிறது, புரியவில்லை, இன்று கொஞ்சம் தனியாக இருக்கவேண்டும் போலிருக்கிறது என்று எதையும் வாய் திறந்து சொன்னால் உடனே வழி செய்வார்கள். சொல்லாவிட்டால் மூன்று மாதம் ஆனாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கவனிப்பதில்லை என்று பிள்ளை மனசுக்குள் புழுங்கும். இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைப்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் இது முதல் நாளே வந்துவிடும். இன்னும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதற்கு ‘யா, கெர்ன’ என்று சொல்லவேண்டும். வெறும் ‘டாங்க’ (நன்றி) என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரத்தை அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுவார்கள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சம்மதிப்பதும் அவர்கள் கண்ணுக்கு ‘இல்லை’ என்றே படும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆம், இல்லை இரண்டையும் வாயால் சொல்லப் பழக்குங்கள். ‘புரிந்தது’ என்று பொய்யாகச் சொல்வதையும் விடச் சொல்லுங்கள். புரியாததற்கு யா சொல்லிவிட்டுப் பிறகு தப்பாகச் செய்தால் அங்கே அது பெரிய குறையாகத் தெரியும். நாலு முறை திருப்பிக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

போய் இறங்கிய முதல் இரண்டு நாட்களில் கேட்டு முடிக்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத்தில் ‘முதல் இரவுக் கேள்விகள்’ என்று ஒரு பட்டியலையே கொடுத்து அனுப்புவார்கள். எந்த அமைப்பு வழியாகப் போனாலும் இவளும் ஒரு தாளில் ஜெர்மனில் எழுதிக்கொண்டு போகட்டும். உங்களை எப்படிக் கூப்பிடுவது? காலையில் குளியலறை எனக்கு எந்த நேரம்? துணியை நானே துவைக்கவேண்டுமா, எந்தக் கூடையில் போடுவது? ஃபிரிட்ஜில் நான் எடுக்கக்கூடாதது எது? வார நாளில் எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும், தாமதமானால் யாருக்குச் சொல்வது? வீட்டில் என் பங்குக்கு எந்த வேலை? எந்த அறைக்குள் தட்டாமல் போகக்கூடாது? தோழியை வீட்டுக்கு அழைக்கலாமா? மொழி தடுமாறினால் தாளையே காட்டிவிடலாம். இத்தனையும் முதல் வாரத்தில் கேட்டால் இயல்பாக இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், இத்தனை நாள் தெரியாமலா இருந்தாய் என்று தோன்றும்.

கூப்பிடும் முறை நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கஷ்டம். வீட்டு அப்பா அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், ஒருமையில் ‘டூ’ என்றுதான் பேசவேண்டும். அங்கிள், ஆன்ட்டி என்று ஆரம்பித்தால் வயதைக் குத்திக்காட்டுவது போலவோ தள்ளி வைப்பது போலவோ இருக்கும். ஆனால் ஆசிரியர், பக்கத்து வீட்டுப் பெரியவர், டாக்டர், கடைக்காரர் எல்லோருக்கும் ‘ஸீ’ என்ற மரியாதைப் பன்மைதான், பெயருக்கு முன் ‘ஹெர்’ (திரு) அல்லது ‘ஃப்ராவ்’ (திருமதி) சேர்த்து. அவர்களாக ‘டூ’ சொல்லச் சொன்னால் ஒழிய மாற்றக்கூடாது.

மணி சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஹால்ப் ஸீபன்’ (சொல்லுக்குச் சொல் ‘அரை ஏழு’) என்றால் ஆறரை. ஏழரை என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து நிற்பவர்கள் ஏராளம். இரவுச் சாப்பாடு ஆறரைக்கு என்றால் ஆறரைக்குக் கைகழுவி மேசையில் இருக்கவேண்டும், எல்லோரும் உட்கார்ந்து ‘கூட்டன் அப்பெடீட்’ (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொன்ன பிறகே சாப்பிடத் தொடங்கவேண்டும். பஸ் தவறினால், கால்மணி நேரத் தாமதமானாலும் செய்தி அனுப்பிவிடவேண்டும். சொல்லாமல் தாமதமாவதை அங்கே அலட்சியமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து காகிதங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். 16 வயது நிறைந்தவர் தன் பெயரில் தானே பதியவேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டோடு, இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். விசாவில் முடியும் தேதியை இங்கேயே பாருங்கள். பத்து மாதத்துக்கும் சேர்த்துத் தராமல் சில மாதங்களுக்கு மட்டும் தந்திருந்தால், வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி வாங்கவேண்டும். அங்கே நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வாரத்திலேயே நேரம் கேட்டு, விசா முடியுமுன் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவற்றில் பலர் மறப்பது தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று. 2020 மார்ச் முதல் ஜெர்மன் பள்ளிகளில் சேர இது கட்டாயம், இரண்டு தவணை போட்டிருக்கவேண்டும். சின்ன வயசு அட்டை தொலைந்திருந்தால் டாக்டரிடம் இப்போதே ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மருத்துவம், பள்ளி, பயணம் இவற்றில் உங்கள் சார்பில் முடிவெடுக்க அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் தரும் அதிகாரக் கடிதத்தை அமைப்பு எந்த வடிவில் கேட்கிறதோ அப்படியே கொடுங்கள். பரிமாற்ற மாணவர் காப்பீடு பலவற்றில் டாக்டர் கட்டணத்தை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பில்லை அனுப்பித் திரும்பப் பெறவேண்டியிருக்கும். அதற்கு நூறு, இருநூறு யூரோ தனியே இருக்கட்டும். பாஸ்போர்ட் எப்போதும் அவளிடமே இருக்கவேண்டும்.

குளியலறையில்தான் சேதம் அதிகம் நடக்கும். கேட்கக் கூச்சமாக இருப்பதால் அது தொடரும். நம் குளியலறையில் தரை முழுக்க நனையலாம், தண்ணீர் ஓடிவிடும். அங்கே பெரும்பாலான வீடுகளில் தரையில் வடிகால் கிடையாது. ஷவருக்கு வெளியே சிந்துவது ஓட்டு இடுக்கில் இறங்கிக் கீழ்த்தளத்துக் கூரையில் கறையாக வந்து நிற்கும். திரை இருந்தால் அதன் நுனியைத் தொட்டியின் உள்பக்கம் விட்டுக் குளிக்கவேண்டும். முடித்ததும் அங்கே தொங்கும் ரப்பர் வழிப்பானால் கண்ணாடியிலும் ஓட்டிலும் உள்ள தண்ணீரை மேலிருந்து கீழே இழுத்துவிட்டு ஜன்னலைத் திறக்கவேண்டும். அப்படியே காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகப் படியும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். நீளக் கூந்தலானால் வடிகட்டியில் சிக்கும் முடியை ஒவ்வொரு தடவையும் எடுத்துக் குப்பையில் போடவேண்டும். அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட்டால் செலவு அதிகம், யார் முடி என்பதிலும் சந்தேகம் இருக்காது. எண்ணெய் வைத்துப் படுக்கும் நாளில் தலையணைமேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும். குளியல் ஐந்து முதல் ஏழு நிமிடம். தலைக்குக் குளிக்கும் நாளில் கொஞ்சம் கூடலாம். அரைமணி நேரம் சுடுதண்ணீர் ஓடினால் தொட்டியில் தேக்கிச் சூடாக்கும் வீடுகளில் அடுத்தவருக்கு மிஞ்சாது.

கழிப்பறையில் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் இருக்காது. தண்ணீர் இல்லாமல் முடியாது என்றால் வாய் குறுகிய சிறு பிளாஸ்டிக் பாட்டிலோ குவளையோ வைத்துக்கொள்ளலாம். எதற்கு என்று வீட்டு அம்மாவிடம் முதல் நாளே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. தரை நனையக்கூடாது, அவ்வளவுதான். கழிப்பறைக்குள் டாய்லெட் பேப்பர் தவிர வேறு எதுவும் போகக்கூடாது. நாப்கினைச் சுற்றி மூடியுள்ள சிறு தொட்டியில் போடவேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். கறை தங்கினால் பக்கத்தில் உள்ள பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வரவேண்டும். எதையும் நேரே சொல்லிவிடும் ஜெர்மானியர்களும் இந்த ஒன்றை மட்டும் சொல்லத் தயங்குவார்கள். அதனால் நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

அறையின் சூடும் காற்றும் குளிர்காலத்தில் தினமும் பேச்சாகும். ஹீட்டர் குமிழில் 1 முதல் 5 வரை இருக்கும் எண்கள் வேகத்தைக் குறிப்பவை இல்லை, வெப்பநிலையைக் குறிப்பவை. 3 என்றால் சுமார் 20 டிகிரி. ஒரு எண் கூடினால் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். குளிருகிறது என்று 5இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 28 டிகிரி வரும்வரை விடாமல் எரிந்து குடும்பத்தின் பில்தான் ஏறும். 3இல் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம். காலையும் மாலையும் ஹீட்டரை மூடி, ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்று மாற்றவேண்டும். வெளியே பூஜ்யம் டிகிரியாக இருந்தாலும் இதை விடமாட்டார்கள். நம் பிள்ளைகள் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை, அல்லது மேல்பக்கம் சாய்த்தபடி நாள் முழுக்க விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. திறக்காவிட்டால் மூச்சின் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து கறுப்புப் பூஞ்சையாகும். சாய்த்தே வைத்தால் காற்று சரியாக மாறாது, சுவர் மட்டும் குளிர்ந்து அதே ஈரம் படியும். நனைந்த துணியை அறைக்குள் காயப்போடுவதும் இதில் சேர்ந்ததுதான்.

வாசற்கதவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிப்பக்கம் திருகமுடியாத குமிழ் மட்டும் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. குப்பை கொட்ட இரண்டு நிமிடம் இறங்கினாலும் சாவி பையில் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூட்டுத் திறக்க ஆள் வரவழைத்தால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள். அடுக்குமாடியில் பொதுச் சாவி தொலைந்தால் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்றவேண்டி வரலாம். அவளால் பிறருக்கு வரும் சேதத்தை ஏற்கும் பொறுப்புக் காப்பீட்டில் சாவி தொலைவதும், தங்கும் வீட்டுப் பொருளுக்கு வரும் சேதமும் அடங்குமா என்று பாருங்கள். ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்குள் நேரும் சேதத்தைச் சில காப்பீடுகள் ஏற்பதில்லை.

சாப்பாடு. சைவம் என்பதை ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்ற ஒரு வரியோடு நிறுத்தினால் போதாது. சிலர் ஹாம் (பன்றித் தொடைக்கறி), தொத்திறைச்சி, மீன் இதெல்லாம் அதில் சேராது என்று நினைப்பார்கள். இறைச்சி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை, தொத்திறைச்சி இல்லை, ஹாம் இல்லை, ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இல்லை. முட்டை, பால், சீஸ் உண்டு என்று பெயர் பெயராக எழுதி அனுப்பவேண்டும். ஒளிந்திருக்கும் இடங்கள் இவை: உருளைக்கிழங்கு வறுவலில் ‘ஷ்பெக்’ என்ற பன்றிக் கொழுப்புத் துண்டுகள், காய்கறி சூப்பில் மாட்டு எலும்புச் சாறு, சிவப்பு முட்டைக்கோஸில் வாத்துக் கொழுப்பு, கரடி வடிவ ஜெல்லி மிட்டாயிலும் க்ரீம் கேக்கிலும் ஜெலட்டின். குளிர்காலத்தில் ஹானோவர் பக்கம் ‘க்ரூன்கோல்’ என்ற கீரை விருந்து பிரபலம். பார்க்க நம் கீரை மசியல் மாதிரி இருக்கும். பன்றிக் கொழுப்போடும் தொத்திறைச்சியோடும் சேர்த்து வேகவைத்தது. பார்மீசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருக்கிறது. இதில் எதுவரை விலக்குவது என்று கிளம்புமுன் மகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரே வாணலியில் செய்தால் பரவாயில்லையா என்பதும் இதில் சேரும். மேசைக்கு வந்தபின் ஒவ்வொன்றாக யோசிப்பதுதான் சமைத்தவருக்குச் சங்கடம்.

பல வீடுகளில் சூடான சாப்பாடு நாளைக்கு ஒரு வேளைதான். மாலையில் ‘ஆபென்ட்ப்ரோட்’ என்று ரொட்டி, வெண்ணெய், சீஸ், தக்காளி, வெள்ளரி, ஊறுகாய் வெள்ளரி மேசையில் வரும். நம் பிள்ளைகள் முதல் வாரம் இதைச் சிற்றுண்டி என்று நினைத்து ஒரு துண்டோடு எழுந்துவிடுகிறார்கள், ராத்திரி பத்து மணிக்குப் பசி கிள்ளும். அதுதான் இரவுச் சாப்பாடு. கனமான பழுப்பு ரொட்டியில் மூன்று, நான்கு துண்டு சீஸோடு சாப்பிட்டால்தான் காலைவரை தாங்கும். அப்படியும் பசித்தால் சொல்லவேண்டும். பள்ளிக்கு எடுத்துப்போகும் ரொட்டி டப்பாவையும் அநேகமாக அவளே காலையில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சோறு இல்லாத ஏக்கம் மூன்றாவது வாரத்தில் வரும். வாரம் ஒருமுறை அவளே குடும்பத்துக்குச் சமைப்பது இதற்கு நல்ல மருந்து, குடும்பத்தோடு ஒட்டவும் வழி. எலுமிச்சை சாதத்தில் தொடங்கலாம். ஐந்து பேருக்கு 400 கிராம் பாஸ்மதி, இரண்டு எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி மஞ்சள், கடுகு, மூன்று மேசைக்கரண்டி நிலக்கடலை. கடலை ஒவ்வாமை யாருக்கும் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வற்றல் மிளகாய் ஒன்றே ஒன்று, கிள்ளாமல் முழுசாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிடவேண்டும். அவர்களுக்கு உறைப்பு அவ்வளவுதான் தாங்கும். தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறக்கவேண்டும். படுக்கையறைகளிலும் நடைபாதையிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கும்; மிளகாய் நெடி அங்கே போனால் வீடே அலறும். மஞ்சள் வெள்ளை மேடையிலும் மரப்பலகையிலும் பட்டால் போகாது, சிந்திய அந்த நிமிடமே துடைக்கவேண்டும். இன்டக்ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் சூடாகும். இங்கிருந்து அலுமினிய வாணலி கொண்டுபோய்ப் பயனில்லை. தோசைமாவு அந்த ஊர்க் குளிரில் எட்டு மணி நேரத்தில் புளிக்காது. பேக்கிங் ஓவனைச் சூடாக்காமல் அதற்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை உள்ளே வைத்து 14 மணி நேரமாவது விடவேண்டும்; பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது.

பெட்டியில் நெய், பால்கோவா வைக்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாங்காய்க்கும் தாவரநலச் சான்று கேட்பார்கள். பொடி வகைகளும் அப்பளமும் போதும். பெருங்காயத்தை இரட்டை மூடி டப்பாவில் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்கள் அலமாரி முழுக்க அந்த வாசனைதான்.

இனி, நம் பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம். பள்ளி முடிந்து வந்ததும் ‘தொந்தரவு வேண்டாமே’ என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அடக்கம். பள்ளிப் பரிமாற்ற அமைப்புகள் பலவற்றில் குடும்பங்களுக்குப் பணம் தருவதில்லை. வீட்டுக்கு இன்னொரு பிள்ளை வரட்டும் என்ற ஆசையில்தான் அறை ஒதுக்குகிறார்கள். அந்தப் பிள்ளை மாலை முழுக்க அறைக்குள் ஃபோனோடு இருந்தால் அவர்களுக்கு மனசு வலிக்கும். ஆனால் வெளியே வா என்று இழுக்கமாட்டார்கள், தனிமை அவளது உரிமை என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மாதத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போலாகிவிடும். வழி சுலபம். வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் எழுதட்டும். இரவு எட்டரை வரை எல்லோரும் இருக்கும் அறையில் இருக்கட்டும். பேச்சு வராவிட்டாலும் ஒன்பது வயதுப் பிள்ளையோடு சீட்டோ பலகை விளையாட்டோ ஆடட்டும். சின்னப் பிள்ளைகளைப் போல மொழி கற்றுத்தர ஆளில்லை. பிழையைக் கூச்சமில்லாமல் திருத்துவார்கள், சொன்னதையே இருபது முறை சொல்வார்கள். பெரியவர்கள் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். ‘மெதுவாக, ஆனால் ஜெர்மனிலேயே பேசுங்கள்’ என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதத்துக்கு மேல் மாற்றுவது இரு தரப்புக்கும் கஷ்டம்.

வீட்டு வேலையில் ஒன்றை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது நல்லது. தினமும் பாத்திரம் கழுவும் மெஷினைக் காலி செய்வதுதான் பொருத்தம். எது எங்கே இருக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், பொருள்களின் பெயரும் வாயில் வந்துவிடும். மரக்கரண்டி, கூர்க்கத்தி, அலுமினியம் இவற்றை அந்த மெஷினில் போடக்கூடாது. குப்பையில் காகிதம் தனி, பிளாஸ்டிக் டப்பாவும் தகரமும் தனி, காய்கறிக் கழிவு தனி, மிச்சம் தனி. கண்ணாடி பாட்டிலைத் தெருவோரப் பெட்டியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பார்த்துப் போடவேண்டும். ஞாயிறன்று போடக்கூடாது, சத்தம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கசக்கிப் போட்டுவிடக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் இருக்கிறது, கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், நாப்கின் முதல் நோட்டுப்புத்தகம் வரை சனிக்கிழமைக்குள் வாங்கவேண்டும்.

தங்குவதும் வீட்டுச் சாப்பாடும் குடும்பத்தின் பொறுப்பு. துணிமணி, ஃபோன், ஷாம்பு, தோழிகளோடு வெளியே போவது அவள் செலவு. பள்ளி உணவகமும் பஸ் சீட்டும் யார் பொறுப்பு என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிடப் போனால் ‘நான் அழைக்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொன்னவர்தான் காசு கொடுப்பார். சொல்லாவிட்டால் அவரவர் பங்கு அவரவருக்கு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 16 வயதில் பியரும் வைனும் அங்கே சட்டப்படி அனுமதி; குடும்பத்திலேயே ஒரு கோப்பை நீட்டலாம். ‘நைன், டாங்க’ என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னால் சொல்லக்கூடாது, கெட்ட சகுனம் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முக்கியமான நேரம் டிசம்பர் 24 மாலை. அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைக்கக்கூடாது, எல்லோருக்கும் சிறு பரிசு தயாராக இருக்கவேண்டும்.

வைஃபையில் டோரன்ட் வழியாகப் படம் இறக்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கே வக்கீல் அலுவலகங்கள் இணைய முகவரியைப் பிடித்து, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நூற்றுக்கணக்கான யூரோ கேட்டுக் கடிதம் அனுப்பும். ஒரு புதுப்படத்தால் குடும்பத்தின் நம்பிக்கையே போய்விடும். வீட்டுப் பிள்ளைகளின் படத்தை அனுமதி கேட்காமல் எங்கும் போடுவதும் கூடாது.

பள்ளியில் மதிப்பெண் 1 முதல் 6 வரை, 1தான் உயர்ந்தது. வகுப்பில் கையை உயர்த்திப் பேசுவதற்குப் பெரிய பங்கு உண்டு. எழுதினால் போதும் என்று இருந்தால் மதிப்பெண் வராது. நட்பு பள்ளியில் தானாக வந்துவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் சேர்ந்த கூட்டம் இருக்கும். ஊரில் உள்ள சங்கங்கள்தான் வழி: ஹேண்ட்பால், நீச்சல், பாட்டுக்குழு, இளையோர் தீயணைப்புப் படை. செப்டம்பரிலேயே ஒன்றில் சேர்ந்துவிட்டால் நவம்பர் தாங்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் மனசு அதிகம் சோர்வது. டிசம்பர் நடுவில் காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் உதிக்கும், மாலை நாலேகாலுக்குள் மறைந்துவிடும். சோர்வில் பாதி இந்த இருட்டால் வருவது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைத் தன் தோல்வி என்று நினைக்கமாட்டாள். ஓரளவு ஊன்றியபிறகு ஹம் நகரத்தில் உள்ள காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்வரலாம். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில், ஹானோவரிலிருந்து ரயிலில் போய்விடலாம். குடும்பத்தையும் அழைத்துப்போனால் இன்னும் நல்லது.

கடைசியாக உங்கள் பங்கு. கோடையில் நம் நேரம் அவர்களைவிட மூன்றரை மணி முன்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்துக் கூப்பிடும் பத்தரை மணி அங்கே மாலை ஆறும் ஏழும், குடும்பம் மேசையில் கூடும் நேரம். தினமும் அப்போது ஃபோன் அடித்தால் அவள் அந்த வீட்டில் ஒட்டவே மாட்டாள். ஞாயிறு நம் மதியம் நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் செய்தி மட்டும். சாப்பிட்டாளா, தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்று வீட்டு அம்மாவுக்கு நீங்கள் எழுதவேண்டாம். வேண்டியதை அவளே கேட்கட்டும், அதைப் பழகத்தான் போகிறாள்.

அவள் ஒரு நாள் அழுதால் அன்றே டிக்கெட் பார்க்காதீர்கள். இரண்டு நாள் விட்டுப் பேசுங்கள், பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் வரிசை இது: முதலில் அவளே வீட்டு அம்மா அப்பாவிடம், எது எப்போது நடந்தது, என்ன மாறவேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லவேண்டும். அடுத்து அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர். அவர் மூவரையும் உட்காரவைத்துப் பேசுவார். அதற்கும் சரிவராவிட்டால் குடும்பம் மாற்றித் தருவார்கள். இது அங்கே வழக்கமான நடைமுறை, யாருக்கும் கரும்புள்ளி இல்லை. ரோட்டரியில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று குடும்பங்களில் இருப்பதே ஏற்பாடு. நீங்கள் குடும்பத்தோடு நேரே சண்டைக்குப் போனால் பொறுப்பாளர் செய்யக்கூடியதும் கெட்டுவிடும்.

விதிவிலக்கு ஒன்று. யாராவது தொட்டுத் தொல்லை செய்தாலோ, மிரட்டினாலோ, பாஸ்போர்ட்டையோ ஃபோனையோ பிடுங்கி வைத்தாலோ வரிசை எதுவும் வேண்டாம். உடனே வீட்டைவிட்டு வெளியே வந்து பொறுப்பாளரைக் கூப்பிடவேண்டும். போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112. பேசுவதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் இளையோருக்கான இலவச உதவி எண் 116111, பெயர் சொல்லவேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத உடம்புக் கோளாறு, டாக்டர் கிளினிக் மூடியிருக்கிறது என்றால் 116117. இந்த நாலு எண்களையும் பொறுப்பாளர் எண்ணையும் ஃபோனில் மட்டும் வைக்காமல் ஒரு அட்டையில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.